நினைவகத்தில் சந்தனம்

மூன்று தடவை. நீளமாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வதுபோல் இடம் விட்டு, மூன்று தடவை கூவிவிட்டுக் கம்ப்யூட்டர் ஓய்ந்தது. உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. அந்தக் கறுப்பில் தாயுமானவன் தம் முகத்தையே பார்த்தார், மூக்குக்கண்ணாடி சற்றுக் கோணலாக, ஐம்பத்து நான்கு வயதுக்கு உரிய அத்தனை தளர்ச்சியோடும். பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்தார். ஐந்து வரை எண்ணினார். ஏன் ஐந்து என்று கேட்டால் தெரியாது. இதைப் பழுது பார்க்க வருகிறவன் ஐந்து எண்ணியதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார். மறுபடி மூன்று. விஜயதசமி காலை, மணி ஒன்பதே முக்கால். பூஜையில் வைத்ததையெல்லாம் எடுத்து ஊரே ஒரு வரியாவது படித்துக்கொண்டிருக்கும் நேரம். அவரும் காலையில் குளித்துவிட்டு இலக்கண உரை ஒன்றில் ஒரு பக்கம் படித்து, அதில் ஓர் அச்சுப்பிழையும் கண்டுபிடித்து, நாள் நன்றாகத் தொடங்கியது என்று நினைத்தார். அதன் பிறகுதான் மனைவி செண்பகவல்லி கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொத்தானை அமுக்கினாள். "நான் ஜெராக்ஸ் கடைக்குப் போய் பென் டிரைவுல இருக்கற மூணு அத்தியாயத்தையாவது பிரிண்ட் எடுத்துட்டு வந்துடறேன். நீங்க இதைத் தொடாதீங்க. பிளக் கழட்டியே கிடக்கட்டும். பதினோரு மணிக்குத் தாஸ் வர்றாரு." சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். வெயிலும் இல்லை மழையும் இல்லை, குடை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது வேறு. தாஸ். அமலதாஸ் என்று நாலைந்து எழுத்தில் ஒரு பெயர் இருக்கும்போது தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் கூப்பிடுவது எந்த ஊர் வழக்கம்? அவருக்கு அவள் வாயில் இருபத்தாறு வருஷமாகப் பெயரே இல்லை. என்னங்க. இங்க பாருங்க. இவரு. சுட்டுப்பெயராகவே வாழ்ந்தாயிற்று. அவளுடைய பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆய்வகத்தில் கருவிகளைத் துடைத்து அடுக்கி வைக்கிற உதவியாளனுக்கு மட்டும் பெயர் உண்டு, பெயருக்குச் சுருக்கமும் உண்டு.

பதினோரு மணிக்கு அவன் வருவான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றுவான். கழற்றினால் பார்ப்பான், பார்த்தால் அந்தக் கணமே புரிந்துகொள்வான், ஏனென்றால் அவன் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் தாயுமானவனுக்கு இந்த நான்கு மாதமும் நன்றாகத் தூக்கம் வந்திருக்கும். ரேம் என்று அவர்கள் சொல்கிற அந்தப் பச்சைப் பட்டையில், அவன் ஜூன் மாதம் கையால் ஒட்டிய காகிதச் சீட்டு இருந்த இடத்தில், ஒரு சந்தனப் பொட்டு. சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைப்பது இந்த வீட்டில் அவர் பொறுப்பு. அலமாரி, கத்தரிக்கோல், சைக்கிள், மிக்ஸி, தையல் மிஷின், டிவி என்று ஒன்று விடாமல், ஒரே அளவில், நேர்கோட்டில் வைப்பார். முந்தாநாள் அவள் பொரியும் பொட்டுக்கடலையும் வாங்கப் போனபோது, "கம்ப்யூட்டரையும் தொடைச்சு வெச்சுடுங்க" என்றாள். துடைத்தார். வெளியே துடைத்தால் போதும் என்று அவள் சொல்லவில்லை, உள்ளேயும் துடை என்றும் சொல்லவில்லை. ஆணையில் இடைவெளி இருந்தால் அதை நிரப்புவது படித்தவன் கடமை. பின்பக்கம் இரண்டு திருகாணிகள் கையாலேயே கழன்றன. அவ்வளவு எளிதாகக் கழன்றதே முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. அவன் அடிக்கடி திறந்து பழக்கிய கதவு அது. உள்ளே ஒரு சின்ன ஊர் இருந்தது, பச்சைப் புல்வெளியும் வெள்ளித் தெருக்களும் நடுவில் ஒரு காற்றாலையுமாக, மேலே மெல்லிய தூசி. மதர்போர்டுக்குத் தமிழ் என்ன என்று சென்னையில் ஒரு விடுதியில் கலைச்சொல் குழு மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறது. மூலப்பலகை என்றார்கள். ஆதாரத்தட்டு என்றார் ஒருவர். தாய்ப்பலகை என்று அடித்துப் பேசி ஜெயித்தது தாயுமானவன். மெமரிக்கு நினைவகம் என்பதிலும் அவர் கை உண்டு. அன்றைக்குக் குழுவில் இருந்த பதினோரு பேரில் ஒருவரும் அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது, அதன் எதிரில் மண்டியிட்டபோது, அவருக்கு உறைத்தது. தாயே, நீ இப்படியா இருப்பாய் என்று கேட்கலாம்போல இருந்தது. அப்போதுதான் சீட்டைப் பார்த்தார். பஸ் டிக்கெட்டில் பாதி. செலோடேப் போட்டு ரேம் பட்டையில் ஒட்டியிருந்தது. 14.6 என்று தேதி. அந்த நாலு அவனுடைய நாலு, மேலே திறந்த வாயோடு. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவருக்கு ஒரு நாலைப் பார்த்தால் ஆளைத் தெரியாதா? தேதிக்குப் பக்கத்தில் ஒரு பூ.

பூ. பேனாவால் போட்டது, கவனமாக, நிதானமாக, ஒவ்வோர் இதழையும் மெல்ல முடித்து. பெட்டியைப் பூட்டினால் யாரும் பார்க்க முடியாத இடத்தில். செண்பகவல்லியின் கம்ப்யூட்டருக்குள், இருட்டில், சூட்டில், காற்றாடிக்குப் பக்கத்தில் ஒரு பூ. அவளுக்குப் பெயரில் என்ன பூ இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். இருபத்தாறு வருஷத்தில் தாயுமானவன் அவளுக்கு ஒரு பூ வரைந்ததில்லை. வாங்கிக் கொடுத்திருக்கிறார், முழம் குறைகிறது என்று பூக்காரியிடம் வாதாடியும் இருக்கிறார், ஆனால் வரைந்ததில்லை, வரையலாம் என்று தோன்றியதுகூட இல்லை, அதுதான் கசந்தது. தோன்றியிருக்கிறது, இவனுக்கு. பட்டையின் இரண்டு ஓரத்திலும் இருந்த கொக்கியை விரலால் தள்ளினார், டக்கென்று பட்டை எழும்பி அவர் கைக்கு வந்தது. சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். கிழிக்கத்தான் எடுத்தார். கிழிக்கவில்லை. அச்சான எதையும், எழுதிய எதையும் கிழிக்க வராத கை அது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சீட்டு போன இடத்தில் பசை பிசுபிசுவென்று அழுக்காகத் தெரிந்தது, அதை மறைக்கச் சந்தனம் வைத்தார், தாராளமாக. வைத்த கையோடு குங்குமமும் வைத்தார். பட்டையைப் பழைய இடத்தில் செருகி அழுத்தினார். அழுத்தும்போது விரல் வழுக்கியது. சந்தனம் ஈரமாக இருந்தது என்பது அப்போது ஒரு குற்றமாகத் தோன்றவில்லை. சாமி காரியம். அதற்கப்புறம் அவள் பொரி மூட்டையோடு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "ஒரு நிமிஷம், நாலாம் அத்தியாயத்தை மட்டும் பென் டிரைவுல காப்பி எடுத்துக்கறேன்" என்றாள். ராத்திரிதான் முடித்திருந்தாள். "பூஜையில வெச்சாச்சு. இனிமே விஜயதசமிக்குத்தான் தொடணும்" என்றார் அவர். "ஒரு நிமிஷம்தாங்க." "முறைன்னு ஒண்ணு இருக்கு." அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். முறை. ஆய்வேட்டைத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். இன்று வெள்ளி. பள்ளிக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு, நெருஞ்சி முள்ளைப் பற்றி ஐந்து வருஷம் அவள் எழுதியதில் கடைசி அத்தியாயம் இந்த டப்பாவுக்குள் மட்டும் இருக்கிறது, டப்பா மூன்று தடவை கூவுகிறது. கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி. ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது.

காலையில் அவள் அவனுக்குப் போன் போட்டபோது ஸ்பீக்கரில்தான் போட்டாள், மறைக்க எதுவும் இல்லாதவள்போல. மறைக்க இருக்கிறவர்கள்தான் ஸ்பீக்கரில் போடுவார்கள் என்றும் வாதிக்கலாம். "எத்தனை பீப் டீச்சர்? நீளமா, குட்டையா?" "மூணு. நீளம்." "அப்ப மெமரிதான். உள்ள யாராச்சும் திறந்தாங்களா?" தாயுமானவன் ஜன்னல் பக்கம் திரும்பி எதிர்வீட்டு முருங்கையைப் பார்த்தார். "யாரு திறக்கப்போறா, இவரு டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி மாத்தணும்னாலே நான் வரணும்." அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான், கரகரவென்று, காதில் விழவில்லை; இந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அதுதான். அந்தச் சிரிப்புதான். முதலில் மூக்கால் ஒரு சின்ன வெடிப்பு, பிறகு அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், கடைசியில் குழந்தைபோல ஒரு விக்கல். தன் வீட்டில் அந்தச் சிரிப்பு கடைசியாக எப்போது கேட்டது என்று அவர் தேடிப் பார்த்தார். பம்பரம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது நினைவு. மெமரிதான் என்றானே. மெமரி போயிற்று என்றால் நினைவகம் போயிற்று. நினைவகம் போனால் உள்ளே வைத்த நினைவெல்லாம்? ஐந்து வருஷத்தையும் சந்தனம் போட்டு மெழுகிவிட்டோமா? அது அப்படி இல்லை, எழுதியதெல்லாம் வேறொரு தட்டில் பத்திரமாக இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம், வன்தட்டு, அதற்கும் அவர்தான் பெயர் வைத்தார், ஆனால் பெயர் வைத்தவன் என்ற உரிமையில் அதனிடம் போய் நீ பத்திரமா என்று கேட்க முடியுமா. யாரிடம் கேட்பது. ஊரில் இதைத் தெரிந்த ஒரே ஆள் அவன். நன்றியுரைப் பக்கத்தை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார், மேஜைமேல் கிடந்தது, பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நாலாவது வரியில் திரு. அமலதாஸ், இடையறாத உதவிக்கு. கடைசி வரியில் என் கணவருக்கு, அவருடைய பொறுமைக்கு. பெயர் இல்லை. பொறுமையாம். ஒரு காற்புள்ளி இடம் மாறிப் போனதற்காக அச்சகத்துக்காரரோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தவருக்குப் பொறுமை. அந்த வரியில் திருத்தம் செய்ய அவர் பேனாவை எடுத்தார், எதைத் திருத்துவது என்று தெரியாமல் மூடிவைத்தார்.

மணி பத்து ஐந்து. பிளக்கைக் கழற்றினார். கழற்றியது உறுதிதானா என்று வயரைக் கையில் பிடித்துப் பார்த்தார். தகட்டை இழுத்தார், வாசனை முதலில் வந்தது: சூடேறிய சந்தனம், கோயில் பிராகாரத்தில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டதுபோல. திருகாணிகளை எதில் போடுவது? ஜூன் மாதம் அவள் அவனுக்குக் குங்குமக் கிண்ணத்தைக் கொடுத்தாள். எவர்சில்வர்தான், வெள்ளிகூட இல்லை, ஆனாலும் குங்குமக் கிண்ணம். குங்குமத்தை ஒரு காகிதத்தில் கொட்டிவிட்டு அவரும் இப்போது அதையே எடுத்துக்கொண்டார். டீ ஆற்றுகிற சாக்கில் அவர் அன்றைக்குச் சமையலறைக்கும் கூடத்துக்குமாக ஏழு தடவை நடந்தார். படம் எல்லாம் ஏற்ற ஏற்ற மெஷின் திணறுகிறது, பெரிய ரேமாகப் போட வேண்டும் என்று வந்தவன். வேலை செய்யும்போது பேச மாட்டான், நாக்கின் நுனியை லேசாகக் கடித்துக்கொள்வான். பேசாத மனிதன் எப்படிச் சிரிக்க வைக்கிறான் என்பதும் விளங்காத விஷயம். ஏழாவது நடையில்தான் அவன் நிமிர்ந்து பார்த்து, "சார், ஒரு ரப்பர் கிடைக்குமா? பென்சில் அழிக்கிற ரப்பர்" என்றான். கொடுத்தார். தாம் மெய்ப்புத் திருத்தும்போது வைத்துக்கொள்கிற வெள்ளை ரப்பர், ஒரு மூலைகூட மழுங்காதது. அரைமணி கழித்து அது திரும்பி வந்தபோது ஒரு விளிம்பு முழுக்கக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பை அவர் மன்னிக்கவில்லை. இரவல் வாங்கிய பொருளைக் கொடுத்தபடி திருப்பித் தருவது என்ற அடிப்படை நாகரிகம்கூட இல்லாதவனோடு இவள் எப்படி என்று, நான்கு மாதமாக, மேஜை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கறுத்த விளிம்பைப் பார்த்துப் பார்த்து, இதோ இப்போதும் அது கண்முன் வருகிறது, கறுத்த விளிம்பு, கறுத்த, எதை அழித்துக் கறுத்தது? பென்சிலால் எழுதிய எதுவும் அங்கே இல்லையே. தாயுமானவன் பட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பட்டையின் அடியோரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொன்பற்கள் இருந்தன. பாதிப் பற்களின்மேல் சந்தனம் வழிந்து காய்ந்து காரை கட்டியிருந்தது. அவர் இழுப்பறைக்கு ஓடினார் என்று சொன்னால் மிகை. அவர் வயதில் அது ஓட்டம்தான்.

தேய்த்தார். கறுத்த விளிம்பாலேயே தேய்த்தார், அது ஏற்கெனவே வேலை தெரிந்த விளிம்பு. சந்தனம் பொடியாக உதிர்ந்து வேட்டியில் விழுந்தது, ரப்பர்த் துகளும் சேர்ந்து விழுந்தது, பல் ஒவ்வொன்றாக மஞ்சளாய்ப் பளிச்சிட்டது. பட்டை செருகும் குழியில் இருந்த காரையை, தோசைக்கல்லில் எண்ணெய் தடவ வாங்கிய புதிய பிரஷ்ஷைத் தேடி, அது இருக்குமிடம் தெரியாமல், கடைசியில் தம்முடைய பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, ஈரமில்லாமல் துடைத்துப் பார்த்து, மெல்லப் பெருக்கி எடுத்தார். தாம் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டிருப்பது நடுவில் தெரிந்தது. விட்டுவிட்டார். மறுபடி கடித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் சீட்டு உறுத்தியது. எடுத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து இதழ். முந்தாநாளிலிருந்து முப்பது தடவையாவது எண்ணியிருப்பார். செண்பகப் பூவுக்கு இதழ் பன்னிரண்டுக்குக் குறையாது, அது அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஆக, இது செண்பகம் இல்லை. ஆறுதல் ஒரு கணம் நீடித்தது. பௌதிக ஆய்வகத்துக்காரனுக்கு இதழ்க்கணக்கு என்ன தெரியும்? பூ என்றால் ஐந்து இதழ் என்று போட்டிருப்பான். தப்பாகப் போட்டதிலும் ஒரு பிரியம் இருக்குமோ? சரியாக எண்ணிப் போடுகிறவனைவிடத் தப்பாகப் போடுகிறவன்தான், இல்லை, வேண்டாம். பட்டையைச் செருகினார். இரண்டு கொக்கிகளும் டக், டக் என்று தாமே வந்து பிடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும் பிடித்திருக்கும் என்று தோன்றி, பிடித்தது கொஞ்சம் குறைந்தது. பிளக்கைச் செருகினார். பொத்தான்.

ஒரே ஒரு தடவை. குட்டையாக, சுருக்கென்று, தும்மல்போல ஒரே ஒரு பீப். திரை விழித்துக்கொண்டது. எழுத்துகள் ஓடின, நீலம் வந்தது, கடைசியில் கடவுச்சொல் கேட்டு ஒரு வெள்ளைக் கட்டம் வந்து கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும், வைத்துக் கொடுத்ததே அவன்தான். அதுகூட அந்த நிமிஷத்தில் பெரிதாகப் படவில்லை. தாயுமானவன் நாற்காலியில் சாய்ந்தார். வாழ்நாளில் ஒரு பொருளை அவர் பழுது பார்த்தது இதுவே முதல் தடவை. வாக்கியங்களை மட்டுமே பார்த்திருக்கிறார். அவளிடம் சொல்ல வேண்டும். நான்தான், ரப்பரால், பொன்பல், என்று வரிசையாகச் சொல்ல வேண்டும், அவள் கண் விரிய வேண்டும், அப்புறம், அப்புறம் அவள் கேட்பாள்: சந்தனம் எப்படி உள்ளே போச்சு? சந்தனம் சொன்னால் சீட்டு சொல்ல வேண்டும். சீட்டு சொன்னால் பூ சொல்ல வேண்டும். பூவைச் சொன்னால் நான்கு மாதத்தைச் சொல்ல வேண்டும். ஜெயித்தவன் வாயைத் திறக்க முடியாத ஜெயம். அவசரமாகத் தகட்டை மூடி, திருகாணி போட்டு, கிண்ணத்தில் குங்குமத்தைத் திரும்பக் கொட்டி, கைப்பிடியளவு பொரியை வாயில் போட்டுக்கொண்டு, இலக்கண உரையை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டபோது வாசலில் குடை மடங்குகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, வந்துடுச்சா!" என்றாள் செண்பகவல்லி. கையிலிருந்த காகிதக் கட்டைச் சோபாவில் போட்டாள். கடவுச்சொல்லை அடித்தாள், கோப்பைத் திறந்தாள், கடைசிப் பக்கம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பென் டிரைவைச் செருகிக் காப்பி எடுத்தாள், எடுத்ததை மறுபடி திறந்து பார்த்தாள். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டாள். விட்ட மூச்சோடு போனை எடுத்தாள். ஸ்பீக்கர். "தாஸ், வந்துடுச்சு! நீங்க சொன்ன மாதிரியே பிளக்கைக் கழட்டிப் போட்டேன், தானா வந்துடுச்சு. தெய்வம்தான் நீங்க." தாயுமானவன் புத்தகத்தில் ஒரே வரியை நாலாவது தடவை படித்தார். பொரி நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. தெய்வம். "பிளக்கை ஷாக் அடிக்கக் கூடாதுன்னு கழட்டச் சொன்னேன் டீச்சர்" என்றது போன். "மூணு பீப் தானால்லாம் போகாது. கழட்டி, நல்லாத் தேய்ச்சு, திருப்பிப் போட்டாத்தான் போகும். யாரோ வேலை தெரிஞ்சவங்க பண்ணியிருக்காங்க." போன் கரகரத்தது. "சார் பக்கத்துல இருக்காரா?" அவள் திரும்பினாள். முதலில் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை, நகக்கண்ணில் இருந்த மஞ்சளை, வேட்டியில் கிடந்த ரப்பர்த் துகளை. "நான் அப்புறம் பேசறேன் தாஸ்" என்று போனை வைத்தாள்.

"திறந்தீங்களா?"

"ம்."

"இப்பவா, பூஜைக்கு முன்னாடியா?"

"ரெண்டும்."

அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வாழ்க்கை முழுக்க வார்த்தையே தொழிலாக இருந்தவருக்கு அந்த நேரத்தில் கிடைத்தது பாதி பஸ் டிக்கெட். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். அமலதாஸ், பூ, நான்கு மாதம், அன்றைக்கு ஏழு தடவை ஆற்றிய டீ, ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஏறி இறங்குவது அவருக்குத் தெரிந்தது.

"இது என்ன பூ?" என்றாள்.

"செண்பகம்னு நினைச்சேன்."

"செண்பகத்துக்கு எத்தனை இதழ்?"

"பன்னிரண்டுக்குக் குறையாது."

"இதுல?"

"அஞ்சு. அதான் எனக்கும்..."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் நாலாம் அத்தியாயத்தை மேலே ஓட்டி, ஒரு படத்தில் நிறுத்தினாள். தரையோடு தரையாகப் படர்ந்த கொடி, மண், ஓரத்தில் அவளுடைய செருப்பின் நுனி, நடுவில் மஞ்சளாக ஒரு சின்னப் பூ. ஐந்து இதழ். சீட்டைத் திரைமேல், படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "நெருஞ்சி. வருஷா வருஷம் இதைப் பாடம் நடத்தறீங்க. முள்ளைத் தவிர ஒண்ணும் பார்த்ததில்லை, இல்லையா?" அவர் பார்த்ததில்லை. சூரியன் போகிற பக்கமெல்லாம் நெருஞ்சிப்பூ முகம் திருப்பும் என்று பழைய பாட்டில் இருப்பதாக, சாக்பீஸ் கையோடு, எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறார். ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. "ரேமுக்கு வாரண்டி உண்டு, தேதி போட்டு ஒட்டணும்னாரு தாஸ். தேதியை அவர் போட்டாரு. பக்கத்துல பேர் எழுதுங்க டீச்சர்னு சீட்டை என்கிட்ட நீட்டினாரு. நான் பேர் எழுதலை, இதைப் போட்டேன். எதுக்குன்னு தெரியுமா?" தெரியவில்லை. "ஆறு வருஷத்துக்கு முன்னாடி, என்ன தலைப்பு எடுக்கறதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்தப்ப, ஒருத்தர் படுத்துக்கிட்டே மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாரு, நெருஞ்சி சூரியன் பக்கம் திரும்பும்னு எழுதி வெச்சிருக்கான், நிஜமான்னு எவனாவது போய்ப் பார்த்தானா அப்படின்னு. நான் போய்ப் பார்த்தேன். அஞ்சு வருஷம் பார்த்தேன். சொன்னவரு அன்னிக்கே தூங்கிட்டாரு."

தாயுமானவனுக்குக் காதுமடல் சுட்டது. அப்படிச் சொன்னது ஞாபகம் இருந்தது. இல்லை, ஞாபகம் இல்லை. மின்விசிறி மட்டும் ஞாபகம் இருந்தது. ஐந்து வருஷம் ஒரு மனுஷி வெயிலில் தரையில் குந்தி ஒரு பூவைப் பார்த்திருக்கிறாள், அவர் விட்டெறிந்த ஒரு வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி இருந்ததா என்று தெரிந்துகொள்ள. அவர் அந்தக் காலமெல்லாம் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்புதா?" என்று கேட்டார். "இப்பதான் முதல் தடவையா கேக்கறீங்க" என்றாள் அவள். "நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். பிரிண்ட் எடுத்துத் தர்றேன், படிங்க. காற்புள்ளி மட்டும் பார்க்காம படிங்க." கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு, சீட்டை அவர் கையில் வைத்து மூடினாள். பழைய இடத்தில் ஒட்டிவிடச் சொல்லி, திருகாணிக்குக் குங்குமக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மனசு நிம்மதியாக இருந்தது, கிட்டத்தட்ட முழுசாக. தகட்டை இழுத்தார். உள்ளே இருட்டாக இருந்தது, பட்டை கண்ணுக்குத் தெரியவில்லை, வெளிச்சம் வேண்டும். ஜூன் பதினாலு சாயந்திரம். நடுவில் மழை பெய்து கரண்ட் போயிருந்தது, அவர் டீயோடு வந்தபோது கூடம் இருட்டாகத்தான் இருந்தது. அவனுக்கு இரண்டு கையிலும் வேலை. இவள் சீட்டைத் தொடைமேல் வைத்துப் பூ போட்டிருப்பாள். நிதானமாக, ஒவ்வோர் இதழாக. அத்தனை நுணுக்கமாக இருட்டில் போட முடியாது, வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சம் காட்டியிருந்தால் தவிர. அவர் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப டார்ச்சை யாரு புடிச்சா?"

செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். மூக்கால் ஒரு சின்ன வெடிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, கடைசி விக்கல் வரைக்கும் சிரித்தாள். தாயுமானவன் கையில் சீட்டை வைத்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.